ஹோஸே பாஸ்கோவின் சீர்திருத்தங்கள்: கடலூரிலிருந்து ஒரு பார்வை

பிலிப்பைன்ஸ் தீவுகளை 1778 முதல் 1787 வரை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் ஹோஸே பாஸ்கோ இ வர்காஸ் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. எங்கோ கிழக்குக் கடலில் இருக்கும் தீவுகளை ஆண்ட ஒரு கடற்படை அதிகாரிக்கும் கெடிலக் கரையில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. அவர் சீர்திருத்தம் செய்ய வேண்டிய நிலை வந்ததற்கு நம் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு படை பெரும் காரணமாக இருந்தது. அவர் திருத்த முயன்ற வணிகத்தில் நம் கரையில் நெய்யப்பட்ட துணி முக்கியமான சரக்காக இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய ஆட்சியை மதிப்பிட்டால் பாதிப் படமே கிடைக்கும் என்பது என் கருத்து.

முதலில் படையெடுப்பு. ஏழாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1762 ஜனவரியில், பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1761 ஜனவரியில்தான், நீண்ட முற்றுகைக்குப் பின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. அந்த முற்றுகையில் இருந்த 79-ஆம் படைப்பிரிவே வில்லியம் டிரேப்பரின் தலைமையில் மணிலாவுக்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னையிலிருந்து கப்பலேறிய அந்தப் படையில் 600 சிப்பாய்களும், கப்பல் வேலைக்கும் சுமை தூக்கவும் அழைத்துச் செல்லப்பட்ட லஸ்கர்கள் சில நூறு பேரும், ஆங்கிலேயரின் சம்பளத்தில் சேர்ந்துகொண்ட பிரெஞ்சுக்காரர்களின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன. தோற்ற பக்கத்தின் வீரர்களையே அடுத்த போருக்குக் கூலிக்கு எடுப்பது அக்காலத்தில் வழக்கமாக நடந்ததுதான். செப்டம்பர் மாத இறுதியில் கரையிறங்கிய இந்தப் படை அக்டோபர் 6-ஆம் நாள் மணிலாவைப் பிடித்தது. நகரைச் சூறையாடாமல் விட 40 லட்சம் டாலர் மீட்புத்தொகை கேட்கப்பட்டது. 1764-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பி வரவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே உள்ள காயின்டா என்னும் ஊரில் அவர்கள் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே இன்றும் உள்ளன. அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் நம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்று ஊர்வாரியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் கம்பெனி ஆள் எடுத்த நிலப்பரப்பில் நம் ஊர்களும் அடக்கம் என்பதால், காயின்டாவைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் அதில் சற்று நின்றுவிடுகிறது.

மணிலா விழுந்தது ஸ்பெயினுக்குப் பெரிய அதிர்ச்சி. அதே ஆண்டில் கியூபாவின் ஹவானாவும் விழுந்திருந்தது. இரண்டு நூற்றாண்டுகளாக ஆண்ட ஒரு நகரம், சில நாள் பீரங்கித் தாக்குதலையே தாங்க முடியாத நிலையில் ஏன் இருந்தது என்ற கேள்வி அரசவையில் எழுந்தது. அதற்கான விடை அந்தக் குடியேற்றம் பிழைத்துவந்த விதத்தில் இருந்தது.

பிலிப்பைன்ஸில் ஸ்பானியர்கள் நிலத்தை நம்பி வாழவில்லை. 1565-இலிருந்து ஆண்டுதோறும் மணிலாவுக்கும், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஓடிய பெரிய கப்பலை நம்பியே வாழ்ந்தார்கள். சீனப் பட்டு, பீங்கான், நம் கரைத் துணி, மொலுக்கஸ் தீவுகளின் வாசனைப் பொருள்கள் எல்லாம் மணிலாவில் சேர்ந்து அந்தக் கப்பலில் ஏறும். திரும்பும்போது மெக்சிகோ வெள்ளி வரும். கப்பலில் சரக்கேற்றும் இடத்தைப் பங்கு போட்டு, அந்தப் பங்குக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வருமானம். விதவைகளும் திருச்சபை அறநிலையங்களும் கூடச் சீட்டு வைத்திருந்தார்கள். தாமே வணிகம் செய்ய முடியாதவர்கள் அதை வணிகர்களுக்கு விற்றுவிடுவார்கள். அறநிலையங்களின் பணம் கடனாக வெளியே போய், கப்பல் பத்திரமாகத் திரும்பினால் பெரிய வட்டியோடு வரும். ஆக, ஓராண்டின் முழு வாழ்வும் ஒரே கப்பலின் மீது இருந்தது. அது புயலில் மூழ்கினாலும், எதிரி கையில் சிக்கினாலும், மணிலாவில் பாதி நகரம் கடனாளியாகிவிடும். 1762-இல் ஆங்கிலேயர் ‘சான்டிசிமா டிரினிடாட்’ என்ற கப்பலைப் பிடித்தபோது அப்படித்தான் ஆயிற்று. போதாக்குறைக்கு நிர்வாகச் செலவுக்கு ஆண்டுதோறும் மெக்சிகோ கருவூலத்திலிருந்து மானியம் வர வேண்டும். வாடிக்கையான தொகை 2,50,000 பெசோ. அந்த மானியமும் அதே கப்பலில்தான் வந்தது.

இந்த ஏற்பாட்டில் நம் கரையின் இடம் என்ன என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடலூருக்குத் தெற்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையிலிருந்து மணிலாவுக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கப்பல்கள் போய்வந்தன. ஆங்கிலேய, டச்சுக் கப்பல்கள் மணிலாத் துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று ஸ்பெயின் தடை விதித்திருந்ததால், சென்னையிலிருந்த ஆங்கிலேய வணிகர்கள் ஆர்மீனியர், போர்த்துகீசியர், முஸ்லிம் வணிகர் ஆகியோரின் பெயரிலும் கொடியிலும் தங்கள் சரக்கை அனுப்பினார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒளிவு மறைவு அது. மணிலா அதிகாரிகளும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், ஏனென்றால் அந்தத் துணி இல்லாமல் அவர்களுடைய கப்பல் நிறையாது. மெக்சிகோவின் வெப்பமான ஊர்களில் பருத்தித் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. நம் கரையில் பாவு ஓடி, நெய்து, சாயமிட்டு, வெளுத்து, மடித்துக் கட்டிய துணிப்பொதி பசிபிக் கடலைக் கடந்து போனது. அதற்கு விலையாக வந்த வெள்ளி டாலர்கள் சென்னையில் உருக்கப்பட்டு ஆற்காட்டு ரூபாய்களாக மறுபடியும் நெசவாளருக்கு முன்பணமாக வந்தன. ஆக, மணிலாவின் வெள்ளி நம் ஊர்களில் தறிக்குழி வரை வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆங்கிலேயர் வெளியேறிய பின் ஸ்பெயினில் பலவித யோசனைகள் எழுந்தன. மணிலாவின் அரசு வழக்கறிஞர் பிரான்சிஸ்கோ லியான்ட்ரோ டி வியானா 1765-இல் எழுதிய நீண்ட அறிக்கையில், அகபுல்கோவை மட்டும் நம்பாமல் ஸ்பெயினோடு நேரடியாக வணிகம் செய்ய ஒரு நிறுவனம் வேண்டும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் ‘புயென் கோன்செஹோ’ என்ற அரசுக் கப்பல் காடிஸ் துறைமுகத்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மணிலாவுக்குப் புறப்பட்டது. மணிலா வணிகர்கள் அதை வெறுத்தார்கள். சரக்கு விற்கவோ வாங்கவோ ஒத்துழைக்கவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் பம்பாங்கா மாகாணத்திலிருந்து போரை நடத்திய சிமோன் டி அன்டா 1770-இல் ஆளுநராக வந்தார். அவர் மதத் துறவிகளின் அதிகாரத்தோடும் உயர் நீதிமன்றத்தோடும் மோதியே ஆறு ஆண்டுகளைக் கழித்து, 1776-இல் இறந்துபோனார். அவரிடம் நெஞ்சுரம் இருந்தது; ஆனால் பொருளாதாரத்தை மாற்ற அது மட்டும் போதவில்லை.

பாஸ்கோ 1778 ஜூலையில் மணிலாவில் பதவியேற்றார். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் ரோன்டா என்ற ஊரைச் சேர்ந்தவர்; கடற்படையில் வளர்ந்தவர். மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தில், அறிவியலாலும் அரசின் முயற்சியாலும் நாட்டை முன்னேற்ற முடியும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடையே வலுவாக இருந்தது. பாஸ்கோ அந்த நம்பிக்கையின் முழு வார்ப்பு. வந்த சிறிது காலத்திலேயே உயர் நீதிமன்ற நீதிபதிகள் சிலர் அவரைப் பதவியிலிருந்து தள்ளச் சதி செய்தார்கள். அவருக்கு முன் இடைக்கால ஆளுநராக இருந்த பெத்ரோ சாரியோ அதில் சேர மறுத்துவிட்டார். பாஸ்கோ சதிகாரர்களைக் கைது செய்து ஸ்பெயினுக்கு அனுப்பினார். அதன் பின் 1779-இல் தம் பொதுப் பொருளாதாரத் திட்டத்தை அறிவித்தார்.

அந்தத் திட்டத்தின் சாரம் எளிமையானது. இந்தத் தீவுகள் மற்றவர்களின் சரக்கு கை மாறும் இடமாக இருந்தால் போதாது. தம் மண்ணிலிருந்தே ஏற்றுமதிக்கு உரியவற்றை விளைவிக்க வேண்டும். அப்போதுதான் மெக்சிகோவின் மானியத்தை எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நிற்க முடியும். பருத்தி, அவுரி, கரும்பு, மிளகு, பட்டு, இலவங்கப்பட்டை, சணல் என்று ஒரு நீண்ட வரிசை. நன்றாகப் பயிரிடுவோருக்கும் புதிய தொழிலைக் கொண்டுவருவோருக்கும் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. 1779-இலேயே ஸ்பெயின் மறுபடியும் பிரிட்டனோடு போரில் இறங்கியதால், அகபுல்கோக் கப்பல் எந்நேரமும் தடைபடலாம் என்ற அச்சமும் இந்தத் திட்டத்துக்கு வேகம் கொடுத்தது.

இந்த எண்ணத்தை நடத்த 1781-இல் ‘நாட்டின் நண்பர்களின் பொருளாதாரச் சங்கம்’ மணிலாவில் தொடங்கப்பட்டது. ஸ்பெயினின் நகரங்களில் அப்போது பரவிவந்த சங்கங்களின் மாதிரி அது. இயற்கை வரலாறு, வேளாண்மை, தொழிற்சாலைகள், உள்நாட்டு வெளிநாட்டு வணிகம், கைத்தொழிலும் மக்கள் கல்வியும் என்று அதன் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. விவசாயக் கையேடுகள் அச்சிட்டுக் கொடுப்பது, விதை தருவிப்பது, சோதனைச் சாகுபடி செய்வது ஆகியவை அதன் வேலை. மணிலாவுக்கு அருகே தம்போபோங் என்ற ஊரில், இன்று அது மலாபோன் எனப்படுகிறது, அகஸ்தீனியத் துறவி மதியாஸ் ஒக்தாவியோ அவுரியிலிருந்து நல்ல நீலச்சாயம் எடுக்கும் முறையை மக்களுக்குக் கற்பித்தார். 1780-களிலேயே அந்தச் சாயம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. லகுனா மாகாணத்தின் கலாவான் பகுதியில் பிரான்சிஸ்கோ சல்காதோ என்பவர் இலவங்கமரத் தோட்டம் போட்டார். காமரினெஸ் மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்காக முசுக்கொட்டைச் செடிகள் லட்சக்கணக்கில் நடப்பட்டன.

நம் பக்கத்து வாசகர்களுக்கு அவுரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது. புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. திண்டிவனம் பக்கம் இன்றும் சில இடங்களில் பழைய முறையில் சாயம் எடுக்கிறார்கள். ஒருமுறை அதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அறுத்த அவுரியைக் கட்டுக்கட்டாக மேல் தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் இருக்க மேலே மரச்சட்டம் வைத்து அழுத்தி, தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிடுகிறார்கள். காலையில் அந்தத் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக, ஒருவித நாற்றத்தோடு இருக்கும். அதைக் கீழ்த் தொட்டியில் திறந்துவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி வரிசையாக நின்று காலால் உதைத்து அலைக்கிறார்கள். காற்று உள்ளே புகப் புக நுரை நீலமாகிறது. மணிக்கணக்கில் இப்படி உதைத்த பிறகு தண்ணீர் கருநீலமாகத் திரண்டு, சாயம் அடியில் படிகிறது. அதை வடித்து, காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திக் கட்டிகளாக வெட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். எந்த நேரத்தில் ஊறலை நிறுத்துவது, எப்போது உதைப்பதை நிறுத்துவது என்பது அனுபவம் உள்ளவர் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரியும். ஒரு மணி நேரம் தவறினால் சாயத்தின் தரம் போய்விடும். இதைப் பார்த்த பிறகுதான் பாஸ்கோவின் திட்டத்தில் இருந்த உண்மையான சிக்கல் எனக்கு விளங்கியது. ஓர் ஆணையும் ஒரு கையேடும் விதையைக் கொண்டுவந்து கொடுக்கும். தலைமுறைகளாகச் சேர்ந்த கைப்பழக்கத்தையும், கெட்டுப்போன தொட்டியின் நட்டத்தைத் தாங்கும் முதலையும் அவை கொடுக்க மாட்டா.

அந்த முதலீட்டைக் கொடுக்கக்கூடியவர்கள் மணிலா வணிகர்கள். அவர்களோ கப்பல் சீட்டில் கிடைக்கும் லாபத்தை விட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்து பலன் தரும் பயிரில் பணம் போட விரும்பவில்லை. முசுக்கொட்டைச் செடிகள் கவனிப்பாரற்றுப் போயின. இலவங்கத் தோட்டமும் பெரிய வணிகமாக வளரவில்லை. சங்கம் பாஸ்கோ சென்ற பின் படுத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி எழுந்து பல காலம் நடந்தது. அவுரியும் கரும்பும் ஓரளவு நிலைத்தன. ஏற்றுமதிப் பயிர்கள் அந்தத் தீவுகளின் வாழ்வாதாரமாகும் என்று அவர் கண்டது சரிதான். அது அவருக்குப் பின் இரண்டு தலைமுறை கழித்து, அன்னிய வணிகர்கள் முன்பணம் கொடுக்கத் தொடங்கிய பின்னரே நிறைவேறியது.

இனி, அவருடைய சீர்திருத்தங்களில் மிக நீண்ட காலம் நிலைத்ததைப் பார்க்க வேண்டும். அதுதான் புகையிலை ஏகபோகம். மன்னரின் ஆணைப்படி 1782 மார்ச்சில் பாஸ்கோ அதை லூசோன் தீவில் நடைமுறைப்படுத்தினார். அதன்படி, அரசு குறித்த பகுதிகளில் மட்டுமே புகையிலை பயிரிடலாம். மற்ற இடங்களில் பயிரிட்டால் குற்றம். குறித்த பகுதிகளில் பயிரிடுவோர் இவ்வளவு பயிரிட வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. விளைந்த இலை முழுவதையும் அரசுக்கே, அரசு வைத்த விலைக்கே விற்க வேண்டும். அரசின் ஆலையில் சுருட்டாகி, அரசின் கடையில் அரசு வைத்த விலைக்கே மக்கள் அதை வாங்க வேண்டும். நுவேவா எசிஹாவின் காபான் பகுதி, மரின்டுகே, பின்னர் காகயான் பள்ளத்தாக்கு என்று இந்த ஏற்பாடு விரிந்தது.

வரிக் கணக்கில் இது பெரும் வெற்றி. அந்நாட்டு மக்கள் ஆண், பெண், முதியவர் என்று எல்லோரும் சுருட்டுப் பிடித்தார்கள்; எனவே வருமானத்துக்கு முடிவே இல்லை. மெக்சிகோவின் மானியத்தை எதிர்பார்த்துக் கிடந்த கருவூலம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. பிற்காலத்தில் உபரியை ஸ்பெயினுக்கே அனுப்பியது. மெக்சிகோ 1821-இல் விடுதலை பெற்றுப் பிரிந்தபோது பிலிப்பைன்ஸ் நிர்வாகம் கவிழாமல் நின்றதற்கு இந்தப் புகையிலைப் பணமே முதன்மையான காரணம். பாஸ்கோ தம் திட்டத்தில் சொன்ன தன்னிறைவு நிறைவேறியது என்று அதிகாரிகள் பெருமைப்பட இடமிருந்தது.

ஆனால் உழவர் பக்கம் நின்று பார்த்தால் காட்சி வேறு. நாற்று விட்டு, நட்டு, நுனி கிள்ளி, பக்கக் கிளை ஒடித்து, இலை இலையாகப் புழு பொறுக்கி வளர்க்க வேண்டிய பயிர் புகையிலை. நெல்லைப் போல மழைக்கு விட்டுவிட்டு இருக்க முடியாது. அறுத்த இலையை நிழலில் தொங்கவிட்டு, பதம் பார்த்து அடுக்கி, கட்டிக் கொண்டுபோனால், அரசின் தரப்பிரிப்பாளர் அதன் நீளத்தையும் பழுதையும் பார்த்து வகுப்புப் பிரிப்பார். ஓட்டை விழுந்த இலை, குட்டையான இலை தள்ளுபடி. தள்ளிய இலையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிடிக்கவும் அனுமதி இல்லை; அது எரிக்கப்படும். தன் கையால் வளர்த்த இலையில் ஒரு சுருட்டுச் சுற்றிக்கொள்ளும் உரிமை உழவனுக்கு மறுக்கப்பட்டது. ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று வீடு புகுந்து சோதனை போடும் காவலர்கள் வந்தார்கள். சோதனை போடும் அதிகாரம் இருக்கும் இடத்தில் கையூட்டும் வரும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெல் விளைந்த நிலத்தில் புகையிலை விளைந்ததால் சோற்றுக்கு அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவூலத்தில் பணம் இல்லாத காலங்களில் இலைக்குக் காசு தராமல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். காசாக்க முடியாத அந்தச் சீட்டை வணிகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள்.

1780-களில் இதே முறை வேறு பொருள்களுக்கும் போயிற்று. லூசோனின் வடமேற்கே உள்ள இலோகோஸ் பகுதி மக்கள் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைத்து வீட்டிலேயே செய்துவந்த ‘பாஸி’ என்ற மதுவும் அரசின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது. திருமணத்துக்கும் இறப்புக்கும் சடங்குக்கும் அதைப் பயன்படுத்திய மக்களுக்கு இது பெரிய இழப்பு. 1807 செப்டம்பரில் இலோகோஸின் பிதிக் என்ற ஊரில் எழுந்த கிளர்ச்சி இதனால்தான் மூண்டது. அப்போது பாஸ்கோ அந்த நாட்டை விட்டுப் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படிக்கும்போது நம் கரையில் உப்புக்கு நேர்ந்தது நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. சென்னை மாகாணத்தில் 1805-இல் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. கடல் நீர் வயலில் காய்ந்து தானாக வெள்ளை பூக்கும் இடத்தில் வாழ்பவர் அதை அள்ளினால் குற்றம் என்ற நிலை வந்தது. பிரெஞ்சுப் பகுதியான புதுச்சேரியிலும் 1818-இல் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி உப்பு எடுப்பது நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொள்ளப்பட்டது. 1930-இல் வேதாரண்யத்தில் மக்கள் உப்பு அள்ளியபோது எதிர்த்தது நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இந்த ஏற்பாட்டைத்தான். அரசு தனக்கு வேண்டிய வருவாயை ஏழை எளியோர் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பொருளின் மேல் ஏற்றும் உத்தி மணிலாவிலும் சென்னையிலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு வேறுபாடும் உண்டு: உப்பில் பெரும்பாலும் வாங்குபவர் மீது சுமை; புகையிலையில் வாங்குபவர் மீதும் விளைவிப்பவர் மீதும் ஒருசேரச் சுமை.

காலத்தை ஒப்பிட்டால் மற்றொன்றும் தெரிகிறது. பாஸ்கோ புகையிலை ஆணையை நடைமுறைப்படுத்திய அடுத்த மாதம், 1782 ஏப்ரலில், கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளிடம் சரணடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர் நடந்தது. 1783 ஜூனில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கடலூருக்குள் இருக்க, ஆங்கிலேயர் வெளியிலிருந்து முற்றுகையிட்டார்கள். கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதினார். அதே மாதத்தில் பாஸ்கோ அனுப்பிய படை லூசோனுக்கு வடக்கே உள்ள படானெஸ் தீவுகளை ஸ்பெயினின் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. நம் கரையின் நெசவூர்கள் படைகளின் நடமாட்டத்தால் சிதறிக் கிடந்த அந்த ஆண்டுகளில்தான், மணிலாவில் ஒருவர் ‘பருத்தியை இங்கேயே விளைவித்து இங்கேயே நெய்யலாம்’ என்று திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் முழுமையாக வென்றிருந்தால் நம் நெசவாளருக்கு ஒரு சந்தை மூடப்பட்டிருக்கும். கடலூர்க்காரனாக இதைச் சொல்லும்போதே, இலோகோஸ் நெசவாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான ஆசை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களும் தறி வைத்திருந்தவர்கள்தாம்.

நடந்தது வேறு. 1785 மார்ச்சில் மூன்றாம் கார்லோஸ் ‘ராயல் பிலிப்பைன்ஸ் கம்பெனி’க்குப் பட்டயம் வழங்கினார். வெனிசுவேலாவோடு வணிகம் செய்துவந்த பழைய கராகஸ் கம்பெனியின் முதலும் இதில் சேர்க்கப்பட்டது. மொத்த முதல் 80 லட்சம் பெசோ. பங்கு ஒன்று 250 பெசோ. லாபத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு பிலிப்பைன்ஸின் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செலவிட வேண்டும் என்ற விதி பட்டயத்திலேயே இருந்தது. பாஸ்கோவின் எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. கம்பெனியும் தொடக்கத்தில் அவுரி, கரும்பு, மிளகு, இலோகோஸ் துணி ஆகியவற்றில் பணம் போட்டது. ஆனால் விலை பார்த்தபோது வங்காளத்திலும் சோழமண்டலக் கரையிலும் துணி மலிவாகவும் தரமாகவும் கிடைத்ததால், அது காலப்போக்கில் இந்தியத் துணியை வாங்கி ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் கம்பெனியாகவே மாறியது. மணிலாத் துறைமுகம் 1789-இல் ஆசியச் சரக்கோடு வரும் ஐரோப்பியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆர்மீனியப் பெயரில் ஒளிந்து வந்த நம் துணி அதன் பின் வெளிப்படையாகவே வரலாயிற்று. மணிலாவின் பழைய வணிகர்கள் கம்பெனியைக் கடைசி வரை எதிர்த்தார்கள். 1834-இல் அது கலைக்கப்பட்டது. அகபுல்கோக் கப்பலோ அதற்கு முன்பே, 1815-இல், நின்றுபோயிருந்தது.

பாஸ்கோ 1787-இல் பதவியை விட்டு ஸ்பெயினுக்குத் திரும்பினார். படானெஸ் வெற்றிக்காக அவருக்குக் கோமகன் பட்டம் கிடைத்தது. அந்தத் தீவுகளின் தலைநகர் இன்றும் அவர் பெயராலேயே பாஸ்கோ என்று வழங்குகிறது. அவர் கை சுத்தமானவர், உழைப்பாளி, கப்பல் சீட்டுக் கும்பலுக்கு அஞ்சாதவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு நாட்டின் செல்வம் துறைமுகக் கிடங்கில் இல்லை, வயலில் இருக்கிறது என்று மணிலாவில் அதிகாரத்தில் இருந்து சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் அவருடைய சீர்திருத்தங்களை ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவுரிக்கும் பட்டுக்கும் அவர் பரிசு அறிவித்தார். புகையிலைக்குத் தண்டனை அறிவித்தார். பரிசு கொடுத்தவை பெரும்பாலும் அவரோடு போய்விட்டன. தண்டனையால் நடந்தது நூறாண்டு நின்றது. ஏனென்றால் முதல் வகையால் பயன் பெற வேண்டியவர் உழவர். இரண்டாவதால் பயன் பெற்றது கருவூலம். கருவூலத்துக்குப் பயன் தரும் சீர்திருத்தத்தைக் காக்க அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு ஆளுநரும் இருந்தார். உழவருக்குப் பயன் தருவதைக் காக்க யாரும் இல்லை. பாஸ்கோ இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி அவரை விடுவிக்கவும் முடியாது. வீடு புகுந்து சோதனை போடும் விதி அவர் காலத்திலேயே எழுதப்பட்டது.

புகையிலை ஏகபோகத்தை ஒழிக்கும் ஆணை 1881-இல் வந்தது. 1882 இறுதியோடு அது முடிவுக்கு வந்தது. அதே 1881-இல் பார்சிலோனாவில் ‘பிலிப்பைன்ஸ் பொதுப் புகையிலைக் கம்பெனி’ தொடங்கப்பட்டது. அது காகயான் பள்ளத்தாக்கின் இசபெலா மாகாணத்தில் பரந்த நிலங்களை வாங்கிப் பெரும் பண்ணைகளை அமைத்தது. இலோகோஸிலிருந்து குடும்பங்களைக் கூட்டிவந்து குத்தகைக்கு அமர்த்தியது. அரசின் தரப்பிரிப்பாளர் நின்ற இடத்தில் கம்பெனியின் தரப்பிரிப்பாளர் நின்றார்.